பெண் ஈ வேண்டாத பண்ணை

குவாத்தமாலாவில் எல் பினோ என்ற இடத்தில் ஈ வளர்க்கிறார்கள். முழு வீச்சில் ஓடினால் வாரத்துக்கு நூறு கோடிக்கு மேல் ஈ தரக்கூடிய பண்ணை அது. அங்கே முட்டைகளைச் சேகரித்து, காற்றுக்குமிழி ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீரில் இட்டு, 34 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஒரு நாள் வைக்கிறார்கள். வெந்நீர் என்று சொன்னால் மிகை. கைக்குழந்தைக்கு ஊற்றுகிற தண்ணீர்கூட இதைவிடச் சூடாக இருக்கும். அந்த வெதுவெதுப்பிலேயே பாதி முட்டைகள் செத்துவிடுகின்றன. செத்ததெல்லாம் பெண். பிழைத்ததெல்லாம் ஆண்.

பெண்ணைக் கருவிலேயே கழிக்கும் கதையைத் தமிழில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. ஈயின் கணக்கு வேறு என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்: பழத்தைத் துளைத்து முட்டை வைப்பது பெண் ஈ மட்டுமே. என்னை வியக்கவைத்தது இன்னொரு செய்தி. இந்த ரகத்தை உருவாக்கியவர்களுக்கும் அதைக் கோடி கோடியாக வளர்த்தவர்களுக்கும், அது ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியாமலே இருந்தது. எந்த மரபணு பழுதானதால் சூட்டில் சாகிறது, எது பழுதானதால், சூடு படாமல் வளரும் பெண்ணின் கூட்டுப்புழுக் கூடு மட்டும் வெள்ளையாகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. தற்செயலாகக் கைக்கு வந்ததைப் பத்திரமாக வைத்துப் பிழைப்பு நடத்திவந்தார்கள். அந்த ஈயின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாக வாசித்த பிறகுதான் முடிச்சு அவிழத் தொடங்கியது.

ஈயின் பெயர் மத்தியதரைக்கடல் பழ ஈ. அறிவியல் பெயர் செரட்டைட்டிஸ் கேப்பிட்டேட்டா. வீட்டு ஈயைவிடச் சிறியது, நாலைந்து மில்லிமீட்டர்தான். இறக்கையில் பழுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள், பளபளக்கும் கண்கள். பார்த்தால் பாவமாக இருக்கும். ஆரஞ்சு, பீச், அத்தி, காப்பிப் பழம், மிளகாய் என்று 250க்கும் மேற்பட்ட தாவரங்களின் காய்கனிகளில் குடும்பம் நடத்தும். தாய் ஈ வயிற்றின் நுனியிலுள்ள ஊசி போன்ற குழாயால் தோலைத் துளைத்து முட்டைகளைச் செருகிவிட்டுப் போய்விடும். சில நாளில் புழு. உள்ளே இருக்கிற சதை அத்தனையும் அதற்கு. வளர்ந்த புழு பழத்தைவிட்டு வெளியே வந்து, உடம்பை வில்லாக வளைத்துத் துள்ளித் துள்ளிப் போய் மண்ணுக்குள் புதைந்து கூடாகும். சொந்த ஊர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா. அங்கிருந்து மத்தியதரைக்கடல் நாடுகளுக்கும், பழக்கூடையும் கப்பலும் போன இடத்துக்கெல்லாம் போனது: ஆஸ்திரேலியா, பிரேசில், ஹவாய். 1929இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா.

இங்கே ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் மரபியல் பாடத்தில் வருகிற டிரோசோஃபிலாவையும் பழ ஈ என்றே சொல்கிறோம். வாழைப்பழம் கனிந்து கறுத்தால் சமையலறையில் கொசு மாதிரி சுற்றுமே, அதுதான். அது அழுகலில் வளரும் ஈஸ்ட்டை நாடி வருவது. நல்ல பழத்தை ஒன்றும் செய்யாது. அதன் மரபணுத் தொகுதியை 2000ஆம் ஆண்டிலேயே வாசித்துவிட்டார்கள். விவசாயியின் வயிற்றில் அடிக்கும் உண்மையான பழ ஈக்கள் வேறு குடும்பம். ஆய்வகத்துச் செல்லப்பிள்ளைக்குக் கிடைத்த கவனிப்பு அவற்றுக்குக் கிடைக்கப் பின்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்த உண்மைக் குடும்பத்தை நமக்கு நன்றாகத் தெரியும். செரட்டைட்டிஸ் நம் நாட்டில் குடியேறவில்லை என்றாலும் அதன் பங்காளிகள் இங்கே உண்டு. மாம்பழத்தை வெட்டியதும் நெளியும் வெள்ளைப் புழு பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற ஈயின் பிள்ளை. (கொட்டைக்குள் இருந்து வரும் கறுப்பு வண்டு வேறு ஆள், அதன் பழியை ஈயின் தலையில் போடக்கூடாது.) பாகல், புடலை, பீர்க்கங்காய் பிஞ்சிலேயே கோணி, மஞ்சளித்து உதிர்வது சூகோடாகஸ் குக்கர்பிட்டே என்ற ஈயின் வேலை. எங்கள் கொல்லையில் பாகற்பந்தலில் பாலித்தீன் பை ஒன்றில் நனைத்த கருவாட்டுத்தூளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கருவாட்டுப் பொறி. நாற்றம் தாங்காது, ஆனால் ஈ விழும். 2014 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை போட்டதும், அதை விலக்கிக்கொள்ள 2015 ஆகிவிட்டதும் இந்த மாம்பழ ஈயால்தான்.

மாந்தோப்புகளில் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறிக்குப் பின்னே ஒரு நல்ல கதை உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் எஃப்.எம். ஹௌலெட் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் இருந்தார். புணேயில் அவருடைய அண்டைவீட்டுக்காரர் கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரோனெல்லா எண்ணெய் தெளித்துக்கொண்டார். கொசு போனதோ இல்லையோ, பழ ஈ வந்து மொய்த்தது. ஹௌலெட் பார்த்தபோது வந்தவை அத்தனையும் ஆண். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனவர் மீத்தைல் யூஜினால் என்ற பொருளைக் கண்டார். துளசியிலும் அது இருக்கிறது. இன்றும் மரக்கட்டைத் துண்டில் அதை ஊறவைத்துப் பொறியில் தொங்கவிட்டால் டார்சாலிஸ் ஆண்கள் ஓடி வருகின்றன. செரட்டைட்டிஸ் ஆணோ அதைக் கண்டுகொள்வதே இல்லை; அதற்கு டிரைமெட்லூர் என்ற வேறு மணம் வேண்டும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு உயிராக இருப்பது இன்னொருவருக்கு ஒன்றுமே இல்லை என்றால், மூக்கைக் கட்டும் மரபணுக்களில் எங்கோ வித்தியாசம் இருக்க வேண்டும். இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தடித்து ஒழிக்க முடியாதா? அடித்துப் பார்த்தார்கள். 1980இல் கலிஃபோர்னியாவில் செரட்டைட்டிஸ் தலைகாட்டியது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் குடியிருப்புகள்மேல் ஹெலிகாப்டரில் மாலத்தியான் தெளிக்க முதலில் மறுத்தார். ஈ பரவியது, மற்ற மாநிலங்களுக்குக் கலிஃபோர்னியப் பழம் போக முடியாதபடி மத்திய அரசு தடை போடும் நிலை வந்தது, 1981 ஜூலையில் தெளிக்கத் தொடங்கினார்கள். மக்கள் கொதித்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று காட்ட மாநில அதிகாரி பி.டி. காலின்ஸ் கூட்டத்தின் முன்னால் நீர்த்த மாலத்தியானை ஒரு மடக்குக் குடித்தே காட்டினார். அறிவியல் விளக்கத்தில் இது எந்த வகையைச் சேர்ந்தது என்று எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை. பின்னாளில் ஸ்பெயினில், மாலத்தியானுக்கே அசையாத ஈக்கள் தோன்றின. அந்த மருந்து போய் ஒட்டும் நரம்புப் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியதும் அதற்குக் காரணமாக இருந்தது.

மருந்துக்கு மாற்றாக இருந்த வழி, ஈயை வைத்தே ஈயை ஒழிப்பது. எட்வர்ட் நிப்லிங் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளருக்கு 1930களிலேயே தோன்றிய யோசனை. மாட்டுப் புண்ணில் முட்டையிடும் ஒரு வகை ஈயின் பெண், வாழ்நாளில் ஒரே முறைதான் கூடும் என்பதை அவர் கவனித்தார். அந்த ஒரு மாப்பிள்ளை மலடாக இருந்துவிட்டால்? எக்ஸ் கதிரால் மரபணுவைக் கெடுக்கலாம் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டியிருந்தார். நிப்லிங்கும் ரேமண்ட் புஷ்லேண்டும் கதிரூட்டி மலடாக்கிய ஈக்களை 1954இல் கரீபியன் கடலின் குரசாவ் தீவில் வாராவாரம் விட்டார்கள். சில மாதங்களில் தீவில் அந்த ஈ இல்லை. ஜப்பானியர் இதே முறையில் ஓகினாவா தீவுகளிலிருந்து நம் பாகற்காய் ஈயை 1993க்குள் துடைத்தெடுத்தார்கள்.

பழ ஈக்கு இதைச் செய்யும் விதம் எளிது. கூட்டுப்புழு ஈயாக வெளிவர ஓரிரு நாள் இருக்கும்போது சுமார் நூறு கிரே அளவு கதிர்வீச்சு கொடுப்பார்கள். மனிதருக்கு நாலைந்து கிரேயே எமன். ஈ அதைத் தாங்கிக்கொண்டு எழுந்து பறக்கும், பாடும், பெண்ணைக் கவரும், கூடும். அதன் விந்தணுவில் மட்டும் குரோமோசோம்கள் நொறுங்கிப் போயிருக்கும். பெண் இடும் முட்டை பொரியாது.

இங்கேதான் பெண் ஈக்களால் தொல்லை. பண்ணையில் பாதி ஆண், பாதி பெண் பிறக்கும். இரண்டையும் மலடாக்கி விட்டால், விட்ட ஆண்கள் கூடவே வந்த பெண்களைச் சுற்றுமே தவிர, காட்டுப் பெண்ணைத் தேடிப் போகாது. மலட்டுப் பெண்ணோ தான் இடும் முட்டை பொரியாது என்று அறியுமா? பழத்தைத் துளைத்துக்கொண்டேதான் இருக்கும். துளை வழியே அழுகல் ஏறும். பெண்ணுக்குப் போட்ட தீவனமும் வீண். ஆணை மட்டும் விட்டால் பலன் பல மடங்கு என்று குவாத்தமாலாவின் காப்பித் தோட்டங்களில் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் எள்ளளவும் நகராத கூட்டுப்புழுக்கள் கோடிக்கணக்கில் கிடக்கும்போது எது ஆண், எது பெண் என்று யார் பொறுக்குவது?

இஸ்ரேலில் யோராம் ராஸ்லர் ஒரு வழி கண்டார். பழ ஈயின் கூடு பழுப்பு நிறமாக இருக்கும். அபூர்வமாக வெள்ளையாகவும் ஒன்று பிறந்தது. வெள்ளைக்கு இரண்டு பிரதியும் பழுதாக இருக்க வேண்டும். ஒரு பிரதி நன்றாக இருந்தாலும் கூடு பழுப்புதான். ராஸ்லர் கதிர்வீச்சால் குரோமோசோம்களை உடைத்து, நல்ல பிரதி இருக்கும் துண்டை ஒய் குரோமோசோமில் ஒட்டவைத்தார். ஒய் அப்பனிடமிருந்து மகனுக்கே போகும். ஆகவே மகன்கள் எல்லாம் பழுப்பு, மகள்கள் எல்லாம் வெள்ளை. 1979இல் வெளியான இந்த வேலைக்குப் பிறகு, அரிசியில் கல் பொறுக்கும் இயந்திரம் போல நிறம் பார்த்துப் பிரிக்கலாம் என்றாயிற்று.

நிறம் பார்ப்பதற்குள் புழுவுக்குத் தீவனம் போட்டு முடிந்திருக்கும். வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டார்ஃபில், சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வகத்தில், ஈக்களுக்கு வேதிப்பொருள் கொடுத்து இன்னொரு பிறழ்வைப் பெற்றார்கள்: முட்டைப் பருவத்தில் சூடு பட்டால் சாவு. அதுவும் வெள்ளைக் கூட்டின் மரபணு இருக்கும் அதே ஐந்தாம் குரோமோசோமில் இருந்தது. ஆகவே அதே ஒய்த் தந்திரம் இதற்கும் பொருந்தியது. வியன்னா 7, வியன்னா 8 என்ற ரகங்கள் இப்படிப் பிறந்தவை. எல் பினோவின் வெதுவெதுத் தொட்டியில் நடப்பது இதுதான்.

அற்புதமான வேலை, ஆனால் ஒட்டுப்போட்ட வேலை. கதிரால் உடைத்து ஒட்டிய குரோமோசோம் என்பதால், ஆண் தரும் விந்தணுக்களில் ஒரு பகுதிக்குச் சரக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ போய்ச்சேரும். அந்த முட்டைகள் வீண். தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது எப்போதாவது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு, பழுப்புப் பெண்ணும் வெள்ளை ஆணும் பிறந்துவிடும். விட்டால் களையாகப் பெருகிப் பண்ணையையே கெடுத்துவிடும். அதனால் சுத்தமான சிறு தாய்க்கூட்டம் ஒன்றைத் தனியே வைத்து, ஒவ்வொரு தலைமுறையிலும் களையெடுத்து, அங்கிருந்துதான் பெரிய பண்ணைக்கு விதை அனுப்புகிறார்கள். இதைவிடப் பெரிய குறை, இந்த வித்தையை வேறு ஈக்குக் கற்றுக்கொடுக்க முடியாது என்பது. மாம்பழ ஈக்கு வேண்டுமென்றால், இலட்சக்கணக்கில் வளர்த்து, ஒரு வெள்ளைக் கூடு தானாக வருமா என்று முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சூட்டில் சாகும் பிறழ்வும் வேண்டுமென்றால் இரண்டாவது முறை லாட்டரி அடிக்க வேண்டும். எந்த மரபணு என்று தெரிந்தால் அல்லவா நேரே போய்த் தொடலாம்?

அமெரிக்க வேளாண் துறையினர், இத்தாலியின் பாவியா பல்கலைக்கழகத்தினர், ஹூஸ்டனின் பேய்லர் மரபணு வாசிப்பு மையத்தினர் உட்படப் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செரட்டைட்டிஸின் மரபணுத் தொகுதியை வாசித்து 2016இல் வெளியிட்டார்கள். நீளம் 47.9 கோடி எழுத்து. மனிதனுடையதில் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

வாசிப்பது என்றால் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஓட்டமாகப் படிப்பது என்று நினைக்க வேண்டாம். இயந்திரத்தால் சிறு சிறு துண்டுகளைத்தான் படிக்க முடிந்தது. ஒரு நூலின் பல பிரதிகளைத் தாறுமாறாகக் கிழித்துக் கலந்துவிட்டு, ஒரு துண்டின் முடிவும் இன்னொன்றின் தொடக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பார்த்து நூலை மீட்பது போன்ற வேலை. சுவடி பதிப்பித்தவர்களைக் கேட்டால் இதில் எது தலைவலி என்று உடனே சொல்வார்கள்: பாடபேதம். இரண்டு சுவடியில் ஒரே வரி இரண்டு விதமாக இருந்தால், அது ஒரே செய்யுளா, அடுத்தடுத்த இரண்டு செய்யுளா? காட்டு ஈயைப் பிடித்து வாசித்தால் அப்பன் தந்த பிரதிக்கும் ஆத்தாள் தந்த பிரதிக்கும் இடையே பாடபேதம் கொட்டிக்கிடக்கும். கணினி குழம்பி ஒரே இடத்தை இரண்டாக எழுதிவிடும். அதனால் 20 தலைமுறை நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருக்கி, இரண்டு பிரதியும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்ட ஈக்களை எடுத்துக்கொண்டார்கள். கணினி சேர்த்துக் கொடுத்ததோடு நிற்கவில்லை. அந்தந்தத் துறையில் ஊறியவர்கள் உட்கார்ந்து, 1,800க்கும் மேற்பட்ட மரபணுச் செய்திகளைக் கையால் சரிபார்த்துத் திருத்தினார்கள். பிழைதிருத்துவோரின் இந்தப் பொறுமை செய்தித்தாளில் வருவதில்லை.

வாசித்ததில் என்ன தெரிந்தது? மணமும் சுவையும் உணரும் மரபணுக் குடும்பங்கள் இந்த ஈயில் பெருத்திருந்தன. நச்சையும் பூச்சிமருந்தையும் உடைத்து வெளியேற்றும் நொதிகளின் குடும்பங்களும் அப்படியே. ஒளி உணர்பவை, உடலுக்குள் நீரை ஓட்டுபவை, மேல்தோல் புரதங்கள் என்று பட்டியல் நீள்கிறது. கண்ட கண்ட பழத்திலும் பிழைத்து, கண்ட கண்ட நாட்டிலும் குடியேறும் ஈயின் வீட்டுச் சாமான் பட்டியல் என்று பார்த்தால் ஆச்சரியம் இல்லை. துளசி மணத்துக்கு மாம்பழ ஈ ஓடுவதும் இது ஓடாததும் ஏன் என்ற கேள்வியை இனி எந்த மணவாங்கியில் தேடுவது என்பதற்கு ஒரு பெயர்ப்பட்டியலாவது கிடைத்தது. இந்தப் பட்டியல்களைவிட, தேடுவதற்கு ஒரு வரைபடம் கிடைத்ததே பெரிய லாபம் என்பது என் கணிப்பு. வெள்ளைக் கூட்டின் கதை அதற்குச் சாட்சி.

மாம்பழ ஈயிலும் பாகற்காய் ஈயிலும்கூட வெள்ளைக் கூடு தனித்தனியே தோன்றியிருந்தது. மூன்று இனம், மூன்று தற்செயல். ஜெர்மனியின் கீசன், ஹவாய், ஆஸ்திரேலியா, சைபர்ஸ்டார்ஃப் ஆய்வாளர்கள் மூன்றின் மரபணுத் தொகுதிகளையும் அருகருகே வைத்து, வெள்ளைக்கும் பழுப்புக்கும் எங்கே பேதம் என்று குறுக்கிக் குறுக்கி வந்தார்கள். மூன்றிலும் விரல் ஒரே மரபணுவின்மேல் போய் நின்றது. 2021இல் இது வெளியானது.

அந்த மரபணு சாயம் செய்வதல்ல. செல்லின் சவ்வில் வாயிற்காவலனாக நின்று பொருளைக் கடத்திவிடும் புரதத்துக்கானது. இதற்கு ஒரு முன்கதை உண்டு. வெள்ளைக் கூட்டுப்புழுவின் உடல்நீரில் கூட்டுக்கு நிறமேற்றும் மூலப்பொருள் நிறையவே இருக்கிறது, தோலுக்குத்தான் போய்ச்சேரவில்லை என்று 1990களிலேயே உயிர்வேதியியலாளர்கள் கண்டிருந்தார்கள். சாயம் காய்ச்சித் தயாராக இருக்கிறது; சாயப்பட்டறையின் வாசல்தான் திறக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்து அந்த வாசலின் முகவரி கிடைத்தது.

பழுது மூன்றிலும் மூன்று விதம். செரட்டைட்டிஸில் மரபணுவின் நடுவே எங்கிருந்தோ வந்த 8,150 எழுத்து நீளமுள்ள துண்டு செருகிக்கிடந்தது. மாம்பழ ஈயில் 37 எழுத்து காணாமல் போயிருந்தது. பாகற்காய் ஈயில் 13. இந்த 37ம் 13ம் மூன்றால் வகுபடாத எண்கள் என்பதில்தான் வினை. மரபணுவை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். ‘மரம் பழம் பணம்’ என்று இடைவெளி விடாமல் எழுதி முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, மும்மூன்றாகப் படித்துப் பாருங்கள்: ‘ரம்ப ழம்ப ணம்’. அங்கிருந்து கடைசிவரை உளறல்தான். புரதம் உருப்படாது.

சந்தேகத்தைத் தீர்க்க, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் நல்ல செரட்டைட்டிஸில் அந்த மரபணுவை வெட்டினார்கள். கூடு வெள்ளையானது. பழைய இயற்கை வெள்ளையோடு இந்தப் புது வெள்ளையைக் கூட்டிவைத்தார்கள், பிள்ளைகளும் வெள்ளை. இரண்டு பழுதும் வேறு வேறு மரபணுவில் இருந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பிக் கூடு பழுப்பாகியிருக்கும். அடுத்து, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பழ ஈ, பாக்ட்ரோசெரா டிரையோனி. அதிலும் அதே மரபணுவை வெட்டினார்கள். வெள்ளைக் கூடு வந்தது. லாட்டரிக்குக் காத்திருக்காமல், வேண்டும் என்று நினைத்த இனத்தில் வேண்டிய கூட்டை வரவழைத்ததை நான் இந்தக் கதையின் உச்சமாக நினைக்கிறேன். சூட்டில் சாகும் பிறழ்வையும் இதே வழியில் துரத்திப் போகிறார்கள்.

ஆனால் வெள்ளைக் கூடு மட்டும் போதாது. நல்ல பிரதியை ஆணோடு மட்டும் பிணைக்க வேண்டுமே? கதிரால் உடைத்து ஒட்டாமல், ஒய் குரோமோசோமிலேயே பக்குவமாகச் செருக வேண்டும். அந்தக் குரோமோசோம் வாசிப்பவர்களுக்குக் கொடுங்கனவு. திரும்பத் திரும்ப வரும் ஒரே வரிகள், எதை எதோடு சேர்ப்பது என்றே தெரியாது. அதற்குள்ளும் ஒரு முத்து கிடைத்தது. நேபிள்ஸில் ஜுசெப்பே சக்கோனேயின் குழு, பழ ஈயை ஆணாக்கும் ஆணை எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்பதை 2019இல் கண்டது. மாய் என்று பெயரிட்டார்கள். பொடி மரபணு. அதைப் பெண் கருவில் செலுத்தினால் ஆணாகிறது. ஆண் கருவில் அதன் வாயை அடைத்தால் பெண்ணாகிறது, அதுவும் முட்டையிடக்கூடிய பெண்ணாக. மாம்பழ ஈயிலும் ஆலிவ் ஈயிலும் இதே மரபணு இருக்கிறது. பெண்ணைச் சாகடிப்பதற்குப் பதில் ஆணாகவே மாற்றிவிட முடிந்தால் பாதி முட்டை வீணாகாது. தீவனக் கணக்கு பார்க்கும் பண்ணைக்காரருக்கு இது இனிக்கும். பெண்ணை ஆணாக்கும் மாற்றத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை தானே பரப்பிக்கொள்ளும்படி செய்யும் மரபணு உந்துதல் முறையையும் செரட்டைட்டிஸில் முயன்று 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். அது கூண்டைத் தாண்டவில்லை. தாண்டுவதற்குமுன் நிறைய யோசிக்க வேண்டும். மலட்டு ஈயை விடுவதை நாளைக்கே நிறுத்தலாம், தானே பரவுவதை நிறுத்த முடியாது.

சட்டம் இதில் வேடிக்கையானது. கதிரையும் வேதிப்பொருளையும் கொட்டி, எங்கே என்ன உடைந்தது என்று தெரியாமல் உண்டாக்கிய பிறழ்வு பழைய வழக்கம் என்று விதிவிலக்குப் பெறும். ஒரே மரபணுவில் சில எழுத்தை மட்டும் குறிபார்த்து அழித்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2018இல் சொன்னபடி, அது மரபணு மாற்று உயிரிக்கான முழுக் கட்டுப்பாட்டின்கீழ் வரும். எச்சரிக்கை தேவைதான், ஆனால் குருட்டுச் சுத்தியலுக்கு அனுமதி, கூர்ந்த கத்தரிக்கு மனு என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஈயை அடையாளம் காண்பதும் சாதாரண விஷயம் அல்ல. 2003இல் கென்யாவில் ஒரு புது ஈ பிடிபட்டது. ஆப்பிரிக்காவுக்கு அது அந்நியம். இலங்கையில் இருப்பது தெரிந்தது. 2005இல் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ், அதாவது படையெடுக்கும் ஈ என்று தனி இனமாகப் பெயர் சூட்டினார்கள். அதன் பேரில் நாடுகள் தடை போட்டன. உடலமைப்பு, கலப்பு, மணம், மரபணு என்று பல பக்கமும் பார்த்தபின், 2015இல் அந்தத் தனிப் பெயரை நீக்கினார்கள். அது நம் மாம்பழ ஈயேதான்.

அந்த மாம்பழ ஈ இப்போது கடல் கடந்தும் ஊர்கிறது. 2024 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ரெட்லண்ட்ஸ் ஊரில் அது பரவாமல் தடுக்க, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களிலிருந்து பழத்தையெல்லாம் அரசே பறித்துக்கொண்டு போனது. செரட்டைட்டிஸுக்கு அந்த மாநிலத்தில் வேறு ஏற்பாடு: 1996 முதல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஈ இருக்கிறதோ இல்லையோ, மலட்டு ஆண்களை விமானத்திலிருந்து விட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படியென்றால் பொறியில் விழும் ஈ நாம் விட்டதா, வெளியிலிருந்து வந்ததா என்று எப்படித் தெரியும்? கூட்டுப்புழுக்களின்மேல் ஒளிரும் சாயப்பொடியைத் தூவிவிடுவார்கள். கூட்டை உடைத்து வெளிவர, ஈயின் நெற்றியிலிருந்து ஒரு பை பலூன் போல உப்பி முட்டித் தள்ளும். வெளியே வந்தபின் உள்ளே சுருங்கிவிடும். சுருங்கும்போது சாயத்தையும் மடித்து உள்ளே எடுத்துக்கொள்ளும். உடம்பில் ஒட்டிய பொடி உதிர்ந்தாலும் நெற்றிக்குள் இட்ட பொட்டு அழியாது. ஆய்வகத்தில் ஒவ்வொரு ஈயாக எடுத்துப் புற ஊதா விளக்கின்கீழ் வைத்துப் பார்க்கிறார்கள். தலை ஒளிர்ந்தால் நம்முடையது. ஒளிராவிட்டால் சாயம் பிடிக்காமல் போன பண்ணை ஈயா என்று பார்க்க மரபணுவைச் சோதிக்கிறார்கள். வியன்னா ரகத்தின் அடையாளம் அதில் இல்லையென்றால், அந்தப் பொறி தொங்கிய தெருவுக்கு ஆட்கள் கிளம்புகிறார்கள்.